சக்திமான் பதிவான பழைய கேசட்டைக் கணினியில் ஏற்றும் முறை

சூப்பர் ஹீரோ தொடரான சக்திமான் 1997 செப்டம்பர் 13 அன்று தூர்தர்ஷனில் தொடங்கி 2005 மார்ச் 27 வரை ஓடியது. 2020 ஊரடங்கில் தூர்தர்ஷனே அதை மறுபடி ஒளிபரப்பியது. இணையத்திலும் பகுதிகள் கிடைக்கின்றன. அப்படியிருக்க, யார் வீட்டுப் பரணிலோ கிடக்கும் கேசட்டை ஏன் தேட வேண்டும்? இப்போது கிடைப்பது தொடர் மட்டும்தான். அன்று ஞாயிறு நண்பகலில் வீட்டுக்குள் வந்தது தொடரோடு நிற்கவில்லை. இடைவேளையில் வந்த பிஸ்கட் விளம்பரம், திரையோரத்து தூர்தர்ஷன் சின்னம், அடுத்த நிகழ்ச்சி அறிவிப்பு, கடைசியில் பிள்ளைகளுக்குச் சொல்லும் சின்னச் சின்ன அறிவுரை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஒளிபரப்பு. அந்த முழு வடிவம் பெரும்பாலும் யாரோ டெக்கில் (வீடியோ கேசட் ரெக்கார்டரில்) பதிந்து வைத்த விஎச்எஸ் கேசட்டில்தான் தங்கியிருக்கிறது. ஆகவே ஏற்றும்போது எதையும் வெட்டாதீர்கள், விளம்பரத்தையும்தான்.

கேசட்டைப் போடும் முன்

பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி முன்மூடியைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் நாடாவைப் பாருங்கள். மேல்பக்கத்துக் கண்ணாடி வழியாகச் சுருளின் விளிம்பையும் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்ததுபோல் இருந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் இது சாதாரணம். அந்தக் கேசட்டை டெக்கில் போடவே கூடாது. நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டும் பூஞ்சை அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் சில நாள் வைத்து நன்றாக உலர்த்துங்கள். பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, நூல் உதிராத துணியால் துடைத்தெடுக்கலாம். நாடாவின் பரப்பிலேயே படர்ந்திருந்தால் தொழில்முறை ஆட்களிடம் கொடுப்பதே நல்லது.

லேபிள் ஒட்டும் முதுகுப்பக்கத்தின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். உடைக்காமல் இருந்தால் இப்போதே உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பொத்தானை அமுக்கினாலும் பழைய பதிவு அழியாது.

நாடா அறுந்திருந்தால் அடிப்பக்கத்தின் ஐந்து திருகுகளைக் கழற்றிப் பிரியுங்கள். சிக்கிக் கசங்கிய துண்டை நேராக வெட்டிவிட்டு, அதற்கென்றே விற்கும் அரை அங்குல ஒட்டுநாடாவால் இணையுங்கள். பதிவு இருப்பது வெளிப்பார்வைக்குத் தெரியும் பக்கத்தில். அதனால் ஒட்டு உள்பக்கம்தான் வர வேண்டும். செலோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை சூட்டில் கசிந்து ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும்.

பல ஆண்டு ஓடாத கேசட்டை முழுக்க ஒரு முறை முன்னே ஓட்டி, முழுக்கத் திரும்பச் சுற்றுங்கள். ஒட்டியிருக்கும் சுற்றுகள் பிரிந்து இழுவிசை சீராகும். ஓட்டும்போது கிறீச்சென்ற சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

டெக்

நம் ஊர்ப் பதிவுகள் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் இருப்பதால் டெக்கும் பால் டெக்காக இருக்க வேண்டும். நாடாவை மெதுவாக ஓட்டி இரட்டை நேரம் பதியும் எல்பி வேகத்தை அது கையாளுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கேசட்டை மிச்சப்படுத்த மூன்று மணி நேர ஈ-180 கேசட்டில் ஆறு மணி நேரம் பதிந்தவர்கள் அதிகம். வழக்கமான எஸ்பி வேகத்தில் நாடா நொடிக்கு 23.39 மில்லிமீட்டர் நகரும். எல்பியில் அதில் பாதிதான். தடமும் பாதியாக ஒடுங்குவதால் டிராக்கிங் (ஹெட் தடத்தின் மீது சரியாகச் செல்வது) கொஞ்சம் விலகினாலும் படம் முழுக்கப் புள்ளிகள் பறக்கும். தானியங்கி டிராக்கிங் தடுமாறினால் அதை அணைத்துவிட்டு, கையால் ஒவ்வொரு படியாக நகர்த்திப் பாருங்கள்.

எஸ்-வீடியோ வெளியீடு உள்ள எஸ்-விஎச்எஸ் டெக் கிடைத்தால் விடாதீர்கள். நாடாவில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகத்தான் பதிவாகியிருக்கின்றன. மஞ்சள் கேபிள் அவற்றை ஒன்றாகக் கலந்து அனுப்புகிறது. எஸ்-வீடியோ பிரித்தே அனுப்பும்.

ஹெட் சுத்தம் செய்வதில்தான் பலரும் டெக்கைப் பாழாக்குகிறார்கள். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைத் திறவுங்கள். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் தாள் துண்டையோ மான்தோல் குச்சியையோ, ஹெட் பொருந்தியிருக்கும் சுழல் உருளையான டிரம்மின் மீது அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மை அதன் மேல்பக்கத்தைத் தொட்டுக் கையால் சுழற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட்டின் முனை உடையும். பஞ்சுக் குச்சியின் நூலிழை ஹெட்டில் சிக்கி அதைப் பெயர்த்துவிடும். ஆடியோ ஹெட்டுக்கு மட்டும் பஞ்சுக் குச்சி போதும். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் ஆகாது, ரப்பர் இறுகி வெடிக்கும். அதற்குச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியே சரி.

கணினிக்குக் கொண்டுவருதல்

டெக்கிலிருந்து வரும் சமிக்ஞையில் ஒவ்வொரு வரியும் நேரம் தவறி ஆடும். பழைய டிவி அதைப் பொறுத்துக்கொண்டது, சமிக்ஞையைக் கணினிக் கோப்பாக மாற்றும் கேப்சர் கருவி பொறுத்துக்கொள்ளாது. நேராகப் பொருத்தினால் செங்குத்துக் கோடுகள் நெளியும், ஃபிரேம்கள் விடுபடும், அரை மணி நேரத்தில் உதட்டசைவுக்கும் பேச்சுக்கும் தொடர்பே இருக்காது. இதைத் திருத்துவதுதான் டிபிசி (டைம் பேஸ் கரெக்டர்). டெக்கிலேயே டிபிசி இல்லாவிட்டால் பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 அல்லது இஎஸ்15 டிவிடி ரெக்கார்டரை இடையில் வையுங்கள். டிஸ்க்கில் எதையும் பதிய வேண்டாம், சமிக்ஞை அதன் வழியாகக் கடந்து போனாலே போதும்.

கேப்சர் கருவியில் ஹாப்பாக் யூஎஸ்பி-லைவ் 2, ஐ-ஓ டேட்டா ஜிவி-யூஎஸ்பி2 இரண்டும் நம்பத்தக்கவை. எச்டிஎம்ஐயாக மாற்றித் தரும் மலிவுப் பெட்டிகள் படத்தை உள்ளேயே குதறிப் பெரிதாக்கிவிடுகின்றன. அதைப் பிறகு சரிசெய்ய வழியில்லை.

விர்ச்சுவல்டப்2 மென்பொருளில் அமைப்பு இப்படி இருக்கட்டும்: பால், 720×576, நொடிக்கு 25 ஃபிரேம், 4:2:2 நிறம், தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்யூவ் அல்லது லாகரித் கோடெக், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் 16 பிட் சுருக்காத பிசிஎம். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 30 முதல் 40 ஜிபி இடம் பிடிக்கும். டெக்கை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடேறிய பிறகு தொடங்குங்கள். ஓடும்போது விடுபட்ட ஃபிரேம் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் நிறுத்தி இணைப்பைச் சரிபார்ப்பதே முறை.

வெளிச்ச அளவை எந்தக் காட்சியை வைத்து அமைப்பது? வில்லன் தம்ராஜ் கில்விஷ் வரும் இருண்ட காட்சிகளில் கறுப்பு அடைந்துபோகாமல் இருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் எடுத்த காட்சிகளில் வெள்ளை (0 முதல் 255 வரையிலான அளவில்) 235ஐத் தாண்டக் கூடாது. இரண்டையும் ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தில் பார்த்து அமைத்துவிட்டால் அந்தக் கேசட் முடியும்வரை தொட வேண்டியதில்லை.

சக்திமானின் உடையைப் பார்த்தால் நிறம் எல்லை தாண்டி வழிந்திருக்கும். மெரூன் சிவப்பு தோளைத் தாண்டி வலப்பக்கம் கசியும், மார்பிலுள்ள பொன்னிறச் சக்கரம் அதில் கரைந்துபோகும். கருவியில் பழுது என்று நினைத்துக் கேபிளை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். விஎச்எஸ் நாடா வெளிச்சத்துக்கு ஏறத்தாழ 3 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கியது, நிறத்துக்கு அரை மெகாஹெர்ட்ஸ்கூட ஒழுங்காகக் கொடுக்கவில்லை. அடர்சிவப்பில்தான் அந்தக் குறை முதலில் கண்ணில் படும். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு எடுத்த நகலாக இருந்தால் நிறம் கீழேயும் இறங்கியிருக்கும். மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பார்ப்பதற்காக எடுக்கும் பார்வைப் பிரதியில் மட்டும் நிறத்தை இரண்டு மூன்று பிக்சல் இடப்பக்கமாக நகர்த்தலாம். படத்தின் அடியோரத்தில் நெளியும் சில வரிகளும் பழுதல்ல. ஹெட் மாறும் இடம் அது. அன்றைய டிவியின் சட்டம் அதை மறைத்துவிட்டது.

ஒலி கரகரத்தால் டெக்கில் ஹை-ஃபை தடத்தை அணைத்துச் சாதாரணத் தடத்துக்கு மாற்றுங்கள். பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால், பதிந்த டெக்கின் ஹெட் கோணமும் உங்களுடையதும் ஒத்துப்போகவில்லை. வேறொரு டெக்கில் போட்டுப் பாருங்கள்.

பார்ப்பதற்கான பிரதி

மூலக் கோப்பை இன்டர்லேஸ் நிலையிலேயே (ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றை வரி, இரட்டை வரி என இரண்டு ஃபீல்டுகளாக இருக்கும் நிலை) விட்டுவிடுங்கள். பார்வைப் பிரதிக்கு மட்டும் க்யூடிஜிஎம்சி அல்லது பிவ்டிஃப் வடிகட்டியால் நொடிக்கு 50 ஃபிரேமாக மாற்றி, 768×576 அளவில், எச்.264 சிஆர்எஃப் 18இல் எடுத்தால் போதும். எந்த ஃபீல்டு முதலில் வர வேண்டும் என்ற ஃபீல்டு வரிசை சரியா என்று சோதிக்க இந்தத் தொடரைவிட நல்ல தொடர் கிடையாது. சக்திமானின் சாதாரண மனித வடிவமான கங்காதர் சுழன்று சக்திமானாகும் இடத்துக்குப் போங்கள். சுழற்சி வழுவழுப்பாக ஓடினால் சரி. ஒவ்வொரு அசைவும் முன்னே போய்ப் பின்னே வந்து துடித்தால் வரிசை தலைகீழாக இருக்கிறது, மாற்றிவிட்டு மறுபடி எடுங்கள். 25 ஃபிரேமாகச் சுருக்கினால் அந்தச் சுழற்சியின் பாதி அசைவு போய்விடும்.

எந்தத் தேதிப் பதிவு?

லேபிளை மட்டும் நம்பாதீர்கள், ஒரே கேசட்டில் மேலே மேலே பதிந்திருப்பார்கள். தொடரின் முதல் ஒளிபரப்பு சனிக்கிழமை, கடைசி ஒளிபரப்பு ஞாயிறு. எனவே லேபிளில் சனி என்றிருந்தால் தொடக்க காலமாக இருக்க வாய்ப்பு அதிகம். தொடரின் நாயகி கீதா விஸ்வாஸாக கிட்டு கிட்வானி வந்தால் முந்தைய பகுதி, வைஷ்ணவி மஹந்த் வந்தால் அதற்குப் பிந்தையது. பண்டிகை வாழ்த்து, புதுப்பட விளம்பரம், தேர்தல் அறிவிப்பு ஆகியவை இன்னும் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும். விளம்பரத்தை வெட்டக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பட்டியலில் கேசட் எண், வேகம், தேதி, அந்தத் தேதியை எப்படி முடிவுசெய்தீர்கள், பயன்படுத்திய டெக், விடுபட்ட ஃபிரேம் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறியுங்கள். ஊகித்த தேதியை ஊகம் என்றே எழுதுங்கள்.

மூலக் கோப்பை எஃப்எஃப்வி1 கோடெக்குக்கு மாற்றினால் தரம் குறையாமல் இடம் மிஞ்சும். எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணைக் கோப்போடு சேர்த்து வையுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் என்று இருக்கட்டும்.

பகிர்வதில் ஒரு எல்லை உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்பதிவுக்கு உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1997இல் வந்த பகுதிகளுக்கே 2057 முடியும்வரை உரிமையாளர் இருக்கிறார். முழுப் பகுதியைப் பொதுவில் ஏற்றாதீர்கள். பட்டியலை வெளியிடுங்கள், விமர்சனத்துக்குத் தேவையான சிறு துண்டுகளைக் காட்டுங்கள்.

ஏற்றி முடித்த கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளை இதைவிட நல்ல கருவி வரலாம். முழுக்கச் சுற்றி, புத்தகம்போல் நிமிர்த்தி, ஸ்பீக்கர் காந்தத்துக்கும் ஈரச் சுவருக்கும் தள்ளி வையுங்கள். பரணில் திரும்ப ஏற்ற வேண்டாம், வெயில் காலத்தில் வீட்டிலேயே அதிகம் சூடாகும் இடம் அதுதான்.