ஏழெட்டுப் பேரோடு டெட்ரிஸ்: கேம் இசையை மட்டக்களப்பில் மேடையேற்றுவது எப்படி

கேம் இசையை ஓர்கெஸ்ட்ரா வாசிக்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு, எண்பது பேர், கறுப்புக் கோட்டு, நடுவில் குச்சியோடு ஒருவர், இதெல்லாம் மட்டக்களப்பில் எங்கே நடக்கப்போகிறது என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம். நடக்கும். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் வயலினும் மிருதங்கமும் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஏதாவது ஒரு தேவாலயத்தில் கீபோர்ட் வாசிக்கிற அண்ணா ஒருவர் கட்டாயம் இருப்பார், பாடசாலை பாண்டில் கிளாரினெட்டோ ட்ரம்பெட்டோ ஊதிவிட்டு ஏ.எல். முடிந்ததோடு விட்டுவிட்டவர்களைத் தேடினால் கல்முனை வரைக்கும் கிடைப்பார்கள். ஏழெட்டுப் பேர் போதும்.

ஏன் போதும் என்றால், பழைய கேம் இசையே நாலைந்து குரல்தான். எண்பதுகளின் பாமிகொம் என்கிற கேம் பெட்டியில் ஒலி எழுப்ப இருந்தது இரண்டு பல்ஸ் அலை, ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், கூடவே சின்ன ஒலித்துண்டுகள் போட ஒரு வழி. அவ்வளவுக்குள் 1986இல் டிராகன் குவெஸ்ட் என்கிற கேமுக்கு இசை எழுதிய கொய்ச்சி சுகியாமா, அதையே 1987இல் டோக்கியோவில் கச்சேரியாக மேடையேற்றிவிட்டார். 2003இல் ஜெர்மனியின் லைப்சிக், 2004இல் லொஸ் ஏஞ்சலிஸ் என்று அது பரவியது அதற்குப் பிறகு. பெரிய குழு பின்னால் வந்தது, மெலிந்த நாலு கோடுகள்தான் முதலில் இருந்தன. அந்தக் கோடுகளைப் பங்கு பிரிப்பதுதான் நீங்கள் செய்யப்போகிற வேலை.

முதல் பாட்டுக்கு என் சிபாரிசு 1989இல் கேம் போய் என்கிற கையடக்கப் பெட்டிக்கு வந்த டெட்ரிஸின், விழுகிற கட்டைகளை அடுக்குகிற அந்தக் கேமின், பிரபலமான மெட்டு. அது கொரோபெய்னிகி என்கிற 19ஆம் நூற்றாண்டு ரஷ்ய நாட்டுப் பாடல், மெட்டுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. ஆனால் கேமில் கேட்கிற அந்த இசையமைப்புக்கு உரிமை இருக்கிறது, அதனால் அதை அப்படியே பிரதி எடுக்காமல் மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் குரலையும் பேஸையும் நீங்களே எழுதுங்கள். மரியோ மாதிரி மெட்டுகளை டிக்கெட் போட்டு வாசிக்கவோ வீடியோவாகப் போடவோ நினைத்தால் அனுமதி வேண்டும். இங்கே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைத்தவரின் ஆயுளோடு மேலும் 70 வருடம் உரிமை கொடுக்கிறது.

சரி, மெட்டுக்கு வருவோம். ஸ்டாப் நொட்டேஷன், அதாவது மேற்கத்தேய இசைக்குறியீடு, தெரியாத வயலின்காரரிடம் தாளைக் கொடுத்துப் பயப்படுத்தாதீர்கள், ஸ்வரத்தில் கொடுங்கள். ஒரு எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்வரம் (நெடில் இரண்டு ஸ்வர அளவு, காற்புள்ளி ஒரு ஸ்வர அளவு நீட்டல் அல்லது இடைவெளி), இது எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு சுற்று:

பா ரி க மா க ரி | ஸா ஸ க பா ம க
ரீ , க மா பா | கா ஸா ஸா , ,

பார்த்த உடனே நடபைரவி ராகம் என்பீர்கள். இரண்டாம் பகுதி மத்யமத்தில் தொடங்கி தைவதம் வழியாக மேல் ஸட்ஜத்துக்கு ஏறி, கைசிகி நிஷாதத்தை (தாழ்ந்த நி) தொட்டு இறங்குகிறது, அதுவரை பிரச்சினை இல்லை. பிரச்சினை கீபோர்ட்டில்தான் வரும். மெட்டு ரிஷபத்தில் நிற்கிற இடங்களில் கீபோர்ட்காரர் பஞ்சமத்தின் மேஜர் கோர்ட்டை (சேர்த்து அழுத்துகிற ஸ்வரக் கூட்டு) பிடிப்பார், அதற்குள் காகலி நிஷாதம் (உயர்ந்த நி) இருக்கிறது, அதாவது கீழே கீரவாணி ராகம் ஓடுகிறது. அழகாகத்தான் இருக்கும், ஆனால் மெட்டு கைசிகி நிஷாதம் பாடுகிற அந்த இடத்தில் மட்டும் அந்தக் கோர்ட் இருக்கவே கூடாது, அங்கே மத்யமத்தின் மைனர் கோர்ட் போடுங்கள். ஒத்திகையில் எங்கேயோ இடிக்கிறது என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் அங்கே தேடுங்கள்.

சுருதி இரண்டு கட்டை, அதாவது ஸட்ஜம் கீபோர்ட்டின் D, வையுங்கள். கேமில் ஆறு கட்டை (A), அதற்கு ஹெச்சு, அதாவது உயர்சுருதி மிருதங்கம் வேண்டும், கிளாரினெட்காரருக்கும் இரண்டு ஷார்ப் வரும். இரண்டு கட்டையில் தக்கு, அதாவது தாழ்சுருதி மிருதங்கம் சரியாக நிற்கும், கிளாரினெட்டுக்கு ஒரு ஷார்ப்தான். தாள் எழுத மியூஸ்ஸ்கோர் என்கிற மென்பொருள் இலவசம், கிளாரினெட், ட்ரம்பெட்டுக்கு அதுவே மாற்றிக் கொடுக்கும். மேற்கத்தேயப் புல்லாங்குழல் இருந்தால் மெட்டை ஒரு ஸ்தாயி மேலே எழுதுங்கள், கீழ் ஸ்வரங்கள் அதில் காற்றாகத்தான் போகும். செல்லோ கிடைப்பது கஷ்டம், கீபோர்ட்டின் இடது கை அல்லது ஒரு பேஸ் கிட்டார் போதும். இரைச்சல் குரலுக்கு ட்ரம் செட் வேண்டாம், மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்க முகம்), இல்லாவிட்டால் கஞ்சிரா. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது, எல்லாரும் சேர்ந்து வாசிக்கிற இடத்தில் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், நாலு பேர் நாலு விதமாக அசைத்தால் மெட்டே கரைந்துவிடும்.

இப்போது உண்மையான சிக்கல். கேம் இசைக்கு முடிவு கிடையாது. ஆடுகிறவர் தோற்கும் வரைக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும், மேடையில் அதை மூன்றாவது தடவை அப்படியே வாசித்தால் முன்வரிசைக்காரர் போனை எடுத்துவிடுவார். பெரும்பாலான சின்னக் குழுக்கள் விழுகிற இடம் இதுதான்: முதல் நொடியிலிருந்தே எல்லாரும் முழுச் சத்தத்தில் வாசிப்பார்கள், பிறகு போக இடமே இல்லை. முதல் சுற்றை ஒரே ஒரு வயலினுக்குக் கொடுங்கள், மற்றவர்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தந்தியை விரலால் மீட்டட்டும். இரண்டாம் சுற்றில் கிளாரினெட் மெட்டை எடுக்க, வயலின் இரண்டாம் குரலுக்குப் போகட்டும், மிருதங்கம் அப்போதுதான் உள்ளே வரட்டும். அதன் பிறகு தாளத்தை முழுக்க நிறுத்துங்கள். கீபோர்ட் நீளமாகக் கோர்ட் பிடிக்க ஒரு வயலின் கீரவாணியில் சின்னதாக ஆலாபனை செய்யலாம், ஒரு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம், கமகம் எல்லாவற்றையும் இங்கே கொட்டட்டும். சபையில் இருக்கிற சங்கீத மிஸ் தலையாட்டத் தொடங்குவது இந்த இடத்தில்தான். மறுபடி மெட்டு வரும்போது எல்லாரும் சேர்ந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம் கூட்டி, கேமில் நிலை ஏற ஏறக் கட்டைகள் வேகமாக விழுகிற மாதிரியே. வேகத்தைப் பிடிப்பது மிருதங்கம், கை காட்ட ஒருவர் முன்னால் நிற்கத் தேவையில்லை.

முடிவுக்கு நம்மிடம் தீர்மானம், அதாவது ஒரே துண்டை மூன்று தடவை வாசித்து முடிக்கிற முறை, இருக்கிறது:

ம க ரி ஸ , , ம க ரி ஸ , , ம க ரி ஸ | ஸா

நாலு, இரண்டு, நாலு, இரண்டு, நாலு, மொத்தம் பதினாறு, ஒரு ஆவர்த்தனம் முடிந்து சமத்தில் (தாளத்தின் முதல் எண்ணிக்கை) எல்லாரும் ஸட்ஜத்தில் இறங்குகிறீர்கள். கடைசி வேகத்தில் இதைச் சுத்தமாக வாசிக்க முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள், தீர்மானத்தை வெட்டாதீர்கள்.

மேடை விஷயம் சுருக்கமாக. கார்த்திகை, மார்கழியில் தகரக் கூரை மண்டபத்தை எடுக்க வேண்டாம், மழை அடித்தால் மைக் இருந்தும் பிரயோசனமில்லை. ஈரக்காற்றில் மிருதங்கம் இறங்கிவிடும், அரை மணி நேரம் முன்னதாகவே வாத்தியங்களை மேடைக்குக் கொண்டுபோய் வைத்து, கீபோர்ட்டுக்குச் சுருதி சேருங்கள். கீபோர்ட் சத்தத்தை வயலின்காரர் கேட்டு ஒத்துக்கொள்கிற அளவுக்கு வையுங்கள், கீபோர்ட்காரரின் அளவுக்கு அல்ல. மின்விசிறிக்குத் தாள் பறக்கும், உடுப்புக் காயப்போடுகிற கிளிப் கொண்டுபோங்கள்.

இது கைகூடிவிட்டால் இரண்டாவது பாட்டுக்கு வெகுதூரம் போக வேண்டாம். அதே டெட்ரிஸில் மூன்றாவது மெட்டாக வருவது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் மூன்றாம் பிரெஞ்சு சூட் என்கிற தொகுப்பில் உள்ள மினுவெட் என்கிற நடன இசை, அவர் 1750இல் இறந்துவிட்டார், அனுமதி கேட்கத் தேவையில்லை. மூலத் தாளிலிருந்தே எடுத்து மேல் கோட்டை வயலினுக்கும் கீழ்க் கோட்டை கீபோர்ட்டின் இடது கைக்கும் கொடுத்துப் பாருங்கள், மற்றவர்களுக்கு அதில் எங்கே இடம் என்பது இரண்டு தடவை வாசித்தாலே பிடிபட்டுவிடும்.