பார்வை மறைந்த வானில் கருவிகளைக் கொண்டு விமானத்தை இறக்கும் முறை

மேகத்துக்குள் நுழைந்து அடிவானம் மறைந்துவிட்டால், தன் உடம்பு சொல்வதை விமானி நம்பக் கூடாது. உட்காதில் உள்ள அரைவட்டக் குழாய்கள் வினாடிக்கு ஏறத்தாழ 2 பாகைக்கும் குறைவான திருப்பத்தை உணர்வதில்லை; ஆகவே விமானம் மெல்ல இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போனாலும் நேராகப் பறப்பதாகவே தோன்றும். கருவியைப் பார்த்துச் சட்டென நிமிர்த்தினாலோ, இப்போது வலப்பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று உடம்பு அடம்பிடிக்கும். அப்போதும், விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவியான செயற்கை அடிவானம் காட்டுவதையே பிடித்துக்கொள்ள வேண்டும். 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில், மூடிய பின்னிருக்கையில் அமர்ந்து வெளியே எதையும் பாராமல் விமானத்தை ஏற்றி இறக்கிக் காட்டியது இவ்வாறுதான். பார்வை எந்த ஒரு கருவியிலும் நிலைத்துவிடாமல், செயற்கை அடிவானத்திலிருந்து வேகமானிக்கும், மீண்டும் அங்கிருந்து உயரமானிக்கும், பிறகு திசைகாட்டிக்கும் போய்த் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். செயற்கை அடிவானமே பழுதாகக்கூடும் என்பதால், மற்றவை அதனோடு ஒத்துப்போகின்றனவா என்பதையும் இந்தச் சுற்றிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இறங்கத் தொடங்குமுன் வரைபடத்தை எடுத்து, வழிகாட்டும் வானொலி நிலையத்தின் அலைவரிசை, ஓடுபாதையின் திசை, முடிவு உயரம் (ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரியாவிட்டால் இறங்குவதைக் கைவிட வேண்டிய உயரம்), இறங்க முடியாவிட்டால் ஏறிச் செல்லவேண்டிய வழி ஆகியவற்றை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அலைவரிசையை வைத்தபின் அந்நிலையத்தின் மோர்ஸ் அடையாளத்தையும் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். எனினும், என் கருத்தில், இவை எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டுவது, காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கும் உயரமானியில் நிலவும் அழுத்தத்தைச் சரியாக அமைப்பது. தாழ்ந்த உயரங்களில் 1 ஹெக்டோபாஸ்கல் அழுத்த வேறுபாடு என்பது ஏறத்தாழ 28 அடி உயரம். நிலவும் அழுத்தம் 1003 ஆக இருக்க, மறதியால் 1013 என்றே விட்டுவைத்தால், உயரமானி சுமார் 280 அடி கூடுதலாகக் காட்டும். தரைக்கு மேல் 200 அடியில் இருப்பதாக அது காட்டும் முன்பே விமானம் தரையில் மோதியிருக்கும்.

வானொலிக் கற்றைகளால் வழிகாட்டும் ஐ.எல்.எஸ். முறையில் லோக்கலைசர் ஓடுபாதையின் நடுக்கோட்டையும், கிளைடு ஸ்லோப் பெரும்பாலும் 3 பாகைச் சரிவையும் காட்டுகின்றன. கிளைடு ஸ்லோப்பைக் கீழிருந்தே சந்திக்க வேண்டும். மேலே இதைவிடச் செங்குத்தான பொய்ச் சரிவுகளும் உண்டு. தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்பது கிடைக்கும்: 140 நாட் வேகத்துக்கு 700 அடி. ஓடுபாதை முனையிலிருந்து 4 கடல் மைலில் உயரம் சுமார் 1320 அடியாக இருக்கிறதா என்று ஒத்துப் பார்ப்பது, தவறான சரிவைப் பிடித்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். கற்றை நெருங்க நெருங்கக் குறுகுவதால், திருத்தங்களும் ஓரிரு பாகைக்குள் அடங்க வேண்டும். தரைக்கு மேல் 1000 அடிக்கு வருவதற்குள் வேகமும் இறக்கமும் நிலைப்படவில்லை என்றால், மேலும் முயலாமல் ஏறிவிடுவதே முறை.

ஐ.எல்.எஸ். இறக்கங்கள், எவ்வளவு தாழ்வாக வரலாம் என்பதைப் பொறுத்து வகை பிரிக்கப்படுகின்றன. முதல் வகையில் முடிவு உயரம் 200 அடிக்குக் குறையாது. ஓடுபாதைப் பார்வைத் தூரம் குறைந்தது 550 மீட்டர் வேண்டும். இரண்டாம் வகையில் அவை 100 அடியும் 300 மீட்டரும் ஆகும். முதல் வகையின் எல்லைக்குக் கீழே போக விமானம், விமானிகள், விமான நிலையம் ஆகிய மூன்றும் தனித் தகுதி பெற்றிருக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் ஆட்டோபைலட்டே இறக்கும்.

200 அடியில், தரை தொடவேண்டிய இடம் இன்னும் சுமார் 1160 மீட்டர் முன்னே இருக்கிறது. ஆகவே மூடுபனியில் அப்போது தெரிவது ஓடுபாதை அல்ல, அதற்கு முன்னுள்ள அணுகு விளக்குகளில் சில மட்டுமே. அவற்றைக் கண்ட ஆறுதலில் மூக்கைத் தாழ்த்திவிடுவது பழக்கப்பட்டவர்களுக்கும் நேரும் பிழை. கிளைடு ஸ்லோப்பைக் காட்டும் முள்ளைப் பார்த்தபடி அதே சாய்வில் தொடர வேண்டும். விளக்குகள் தெரியவில்லை என்றால், இன்னும் ஒரு நொடி பார்ப்போம் என்று காத்திராமல் முழு விசை கொடுத்து மூக்கை உயர்த்த வேண்டும். ஏறத் தொடங்குமுன் விமானம் இன்னும் சில அடி தாழ்வது இயல்பே. அந்த முடுக்கத்தில் மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்துவிட்டதாக ஒரு மயக்கம் தோன்றி, கை அதைக் கீழே தள்ளப் பார்க்கும். செயற்கை அடிவானம் ஏற்றத்தையும் உயரமானி உயர்வதையும் காட்டும்வரை கையை விடக் கூடாது.

தரை தொட்டபின் நடுக்கோட்டு விளக்குகளைப் பின்பற்றி மெதுவாக உருண்டு, விமானத்தின் வால் பகுதியும் ஐ.எல்.எஸ். கற்றைகள் குலையாதிருக்க ஒதுக்கிய காப்புப் பகுதியைக் கடந்த பிறகே ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதாக வானொலியில் அறிவிக்க வேண்டும். அதற்குள் நின்றுவிட்டால், பின்னால் வருபவரின் முள் நம்மால் ஆடும்.