இதய ஆய்வுக் குழுவில் கோஆர்டினேட்டராகச் சேர்ந்தவர்களுக்கு

கார்டியாலஜி துறையில் ஆய்வு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தால், முதலில் கேட்டு வாங்க வேண்டியவை எத்திக்ஸ் கமிட்டியின் (ஆய்வு நெறிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் குழு) ஒப்புதல் கடிதம், சிடிஆர்ஐ (இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு எண், புரோட்டோகால் (ஆய்வை எப்படி நடத்துவது என்ற எழுத்துத் திட்டம்). மருந்துச் சோதனை என்றால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐயில் பதிந்திருக்க வேண்டும், 2009 முதல் இது கட்டாயம். பதிவு முடியாமல் ஆள் சேர்க்கச் சொன்னால், சொல்வது தலைமை ஆய்வாளரே ஆனாலும், "எண் வரட்டும் சார்" என்று நின்றுவிடுங்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை. அது ஃபாலோ-அப், அதாவது ஆய்வில் சேர்த்தவர்களைக் குறித்த நாள்களில் திரும்ப வரவழைத்துப் பார்ப்பது.

ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்து உடம்பு தேறியவர் "நல்லாத்தானே இருக்கேன்" என்று வரமாட்டார். நெஞ்சுவலி திரும்ப வந்தவரோ பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார், நமக்குத் தெரியவே தெரியாது. ஆய்வு எண்ணிப் பார்க்க நினைப்பதே இந்த இரண்டு பேரைத்தான். அதனால் சேர்க்கும் அன்றே, அவர் சம்மதத்தோடு, மூன்று போன் நம்பராவது வாங்குங்கள்: அவருடையது, வீட்டில் கூடவே இருப்பவருடையது, பக்கத்து வீடோ தெருக்கடையோ ஒன்று. எழுதிக்கொண்டதும் அங்கேயே டயல் செய்து பாருங்கள். 30-ஆம் நாள் விசிட்டுக்கு முன்பின் 7 நாள் அனுமதி என்று புரோட்டோகாலில் இருந்தால், எக்செல்லில் 23, 30, 37 மூன்றுக்கும் தேதி போட்டு வையுங்கள், எந்த நாளிலிருந்து எண்ணுவது, ஆய்வில் சேர்த்த நாளா டிஸ்சார்ஜ் நாளா என்பதையும் பார்த்துவிட்டு. ஊர்த் திருவிழா, நடவு, பேத்தி கல்யாணம் எல்லாம் கேட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும்.

வீட்டாரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் அன்றே எங்களுக்குப் போன் செய்யுங்கள் என்று. புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் பற்றிய 2019 விதிகளின்படி, மருந்துச் சோதனையில் கடுமையான பாதிப்பு ஏதாவது நேர்ந்தால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஸ்பான்சர் (சோதனையை நடத்தப் பொறுப்பேற்ற நிறுவனம்), எத்திக்ஸ் கமிட்டி மூன்றுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆவதும் இதில் அடங்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு விலக்கு கிடையாது, ஆகவே அந்த நாளில் யார் மெயில் அனுப்புவது என்பதை முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

ஈசிஜி காகிதத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அது வெப்பத்தாளில் வருவது, நாளாக ஆக மங்கிவிடும். லேமினேட் செய்தால் சூட்டில் கறுத்தே போகும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டு, அதில் கையெழுத்தும் தேதியும் இட்டு, ஒரிஜினலோடு ஃபைலில் வையுங்கள். நோயாளியின் பெயர் தெரியும் நகல் எதுவும் வெளியே போகக்கூடாது, ஆய்வில் அவருக்குக் கொடுத்த எண் மட்டும் போதும்.

கன்சென்ட் ஃபார்மின் (ஆய்வில் சேரச் சம்மதிக்கும் படிவம்) ஒரு நகல் நோயாளி கைக்குப் போயாக வேண்டும். தேதியை அவரே எழுதட்டும், நாம் நிரப்பக் கூடாது. படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வில் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாகக் கூடவே இருக்க வேண்டும்.

பயணப்படி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். அக்கவுன்ட்ஸில் பில் பாஸ் ஆகட்டும் என்று இழுத்தால், கூலியை விட்டுவிட்டு வந்தவர் அடுத்த முறை வரமாட்டார். முன்பணம் வாங்கி வைத்துக்கொண்டு, வவுச்சரில் கையெழுத்து வாங்கி, அவர் பஸ் ஏறுவதற்குள் கையில் கொடுத்துவிடுங்கள்.