முதலில் சூடு, அப்புறம் பால்

போன வாரம் இரவு பதினொரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டுப் பெண். கையில் கண் திறக்காத பூனைக்குட்டி, மழைத்தண்ணீர் ஓடும் லோங்காங் ஓரம் எடுத்ததாம். "அக்கா, எவ்வளவு ஊற்றினாலும் பால் இறங்க மாட்டேங்குது." சிரிஞ்ச் பாதி காலி. குட்டியின் மூக்கில் பால் குமிழி.

பசும்பால் ஆகாது, குட்டிகளுக்கான பால்மாவு வாங்க வேண்டும் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. அதை விடுகிறேன். நாம் செய்யும் மற்ற தவறுகள் இவை.

குளிர்ந்த குட்டிக்குப் பால் ஊற்றுவது

இதை எங்கே பார்த்தாலும் எரிச்சல் வருகிறது, முதலில் என்மேல். பிறந்த குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. முதல் வாரத்தில் அதன் உடல் சூடு 35 முதல் 37 டிகிரி வரைதான். அதற்கும் கீழே இறங்கினால் குடல் அசையாது. ஊற்றிய பால் வயிற்றிலேயே கிடந்து கெடும். விழுங்கத் தெம்பில்லாததால் நுரையீரலுக்குள்ளும் போகும்.

"கோலாலம்பூர் வெக்கையில் என்ன குளிர்?" என்பார்கள். நமக்கு வேர்க்கும் 27 டிகிரி அதற்குக் குளிர்தான். முதல் வாரம் படுக்கும் இடம் 30 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். நனைந்த குட்டி, ஏர்கோன் அறை என்றால் கேட்கவே வேண்டாம்.

வாய்க்குள் சுண்டுவிரலை வைத்துப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் பால் கிடையாது. ஈரத்தைத் துடைத்து, வெந்நீர் போத்தலைத் துவாலையில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். சூடு தாங்காவிட்டால் நகர்ந்துபோகப் பெட்டியில் இடமும் விடுங்கள். ஒரு மணி நேரமானாலும் பொறுங்கள். அவசரப்பட்டுச் சூடேற்றுவதும் ஆபத்து.

பல வருடங்களுக்கு முன் நான் பொறுக்கவில்லை. மூன்று குட்டிகள், "பாவம், பசி" என்று வயிறு முட்டப் புகட்டினேன். விடிவதற்குள் இரண்டு போய்விட்டன.

கீழ்வீட்டுக் குட்டியின் மூக்கைத் துடைத்துச் சூட்டில் போட்டோம். பன்னிரண்டரைக்கு அது என் விரலை முட்டித் தேடியது. அப்புறம்தான் பால். மூக்கில் பால் வந்த குட்டி என்பதால் காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் அனுப்பினேன்.

மல்லாக்கப் பிடித்துப் புகட்டுவது

குப்புற. எப்போதும் குப்புற.

குளிப்பாட்டுவது

வேண்டாம்.

ஒன்றுக்குத் தானே போகும் என்று விடுவது

போகாது. முதல் மூன்று வாரம் தாய் நக்கித்தான் போக வைக்கும். தாய் இல்லையென்றால் ஒவ்வொரு வேளையும் ஈரப் பஞ்சால் நீவிவிடுங்கள். நாய்க்குட்டிக்கும் இதேதான்.

எடை பார்க்காதது

தீபாவளிப் பலகாரத்துக்கு மட்டும் வெளியே வரும் தராசு போதும். பூனைக்குட்டி நாளுக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும். கீழ்வீட்டுக் குட்டி முதல் நாள் 96 கிராம். இன்று காலை 171.