தோட்டம் நம்முடையதுதான், வானம்? ட்ரோன் விடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

கோவை அவிநாசி ரோட்டு மண்டபம் ஒன்றில் கல்யாண வீடியோ எடுக்கப் போயிருந்தேன். ட்ரோனைப் பையிலேயே வைத்துவிட்டதில் பெண்ணின் அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. “மண்டபத்துக்கு மேல மட்டும்தானுங்க தம்பி, ஓனர்கிட்டச் சொல்லியாச்சு” என்றார். போனில் வரைபடத்தைக் காட்டினேன். ஒரு பக்கம் பீளமேடு விமான நிலையம், இன்னொரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம். இடத்துக்காரர் சம்மதம் தரைக்குத்தான். மேலே 2021 ட்ரோன் விதிகள்.

அதிகம் பேர் சறுக்குவது தூரத்தில். கார் போகும் தூரத்தைப் பார்த்துவிட்டு “பதினாலு கிலோமீட்டர் இருக்கு, போதும்” என்கிறார்கள். கணக்கு நேர்க்கோட்டில், அதுவும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிதான் பச்சை மண்டலம், அதாவது முன் அனுமதி கேட்காமல் பறக்கவிடக்கூடிய உயரம். அதற்கு மேல் மஞ்சள். விமானக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். 12 கிலோமீட்டர் தாண்டி, வேறு தடை இல்லாவிட்டால் 400 அடி வரை பச்சை. சிவப்பு என்றால் மத்திய அரசு அனுமதி இல்லாமல் கிளப்பவே கூடாது.

உயரத்திலும் ஏமாறுவோம். திரையில் தெரிவது கிளப்பிய இடத்திலிருந்து உள்ள உயரம். சென்னிமலை உச்சியில் நின்று 300 அடி ஏற்றி, ஊர்ப் பக்கம் நகர்த்துங்கள். திரையில் அதே 300தான். தரை கீழே சரிந்துபோயிருக்கும், 400ஐ எப்போதோ தாண்டியிருப்பீர்கள்.

“249 கிராம்தானுங்க, சட்டமே இல்லை” என்று சொல்லி விற்பதை நம்பாதீர்கள். 250 கிராம் வரை பைலட் சான்றிதழ்தான் வேண்டாம். மண்டல விதி அதற்கும் உண்டு. 2 கிலோ வரையிலானதைப் பொழுதுபோக்காக விட்டாலும் சான்றிதழ் வேண்டாம். 250 கிராமுக்கு மேற்பட்டதை வைத்துக் காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுத்தால் கட்டாயம் வேண்டும்.

அப்புறம், நேற்றுப் பார்த்த வரைபடம் இன்றைக்கு உதவாது. எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். ஒவ்வொரு முறையும் கிளப்பும் முன்னால், மண்டலங்களைக் காட்டும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தைப் பாருங்கள்.

வால்பாறை ரோட்டில் கொண்டை ஊசி வளைவில் காரை நிறுத்தி ட்ரோன் விடுகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. அது ஆனைமலைப் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி வேண்டும். பாறைச் சரிவில் நிற்கும் வரையாடு அந்த ரீங்காரத்துக்கு மிரண்டால், குட்டியோடுதான் ஓடும்.