ஆங்கில உச்சரிப்பு: ஆசிரியராகப் போகிறவர் எங்கிருந்து தொடங்குவது?

பி.எட். படிப்பில் ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டு என் வகுப்புக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "பிரிட்டிஷ் உச்சரிப்பைப் பழகுவதா, அமெரிக்க உச்சரிப்பைப் பழகுவதா?" அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பேன். ஆசிரியர் வேலைக்கு முதலில் வேண்டியது, தன் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு சொல்லில் தடுமாறும்போது நாக்கை எங்கே வைக்க வேண்டும், உதட்டை எப்போது திறக்க வேண்டும் என்று சொல்லத் தெரியாவிட்டால், லண்டன்காரரைப் போலவே பேசினாலும் அந்தப் பிள்ளைக்குப் பயனில்லை. சொல்லித்தரத் தெரிந்தவரின் பேச்சில் நம் ஊர்ச் சாயல் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு கைக்கண்ணாடி, ஒலிப்பதிவு செய்ய ஒரு கைப்பேசி, உச்சரிப்புக் குறிகள் அச்சிட்ட ஓர் அகராதி ஆகிய மூன்றும் போதும். அந்தக் குறிகளைப் பார்த்து மிரள வேண்டாம். 1886இல் பாரிசில் பால் பாஸி என்பவரைச் சுற்றித் திரண்ட மொழி ஆசிரியர்கள், வகுப்பறைத் தேவைக்காகத் தொடங்கிய சங்கத்தின் கொடை அவை. ஆங்கிலத்தில் எழுத்து 26. தென் இங்கிலாந்தின் தர உச்சரிப்பில் உள்ள ஒலியன்களோ (அதாவது, பொருளை வேறுபடுத்தும் ஒலிகளோ) 44 என்று பாடநூல்கள் கணக்கிடுகின்றன. அட்டவணையை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்யாதீர்கள். அகராதியில் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் அதன் குறிகளையும் படியுங்கள், தானாகப் பதிந்துவிடும்.

இன்னொன்றையும் முதல் நாளே விட்டுவிடுங்கள்: ஆங்கிலச் சொல்லின் மேல் அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைக்கும் பழக்கம். மேற்குத் திசையைக் குறிக்கும் சொல்லையும் உள்ளே அணியும் பனியனைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் 'வெஸ்ட்' என்றுதான் எழுத முடியும். பிள்ளைக்கு எந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டுமோ, அதையே அந்த எழுத்து அழித்துவிடுகிறது. இந்தக் கட்டுரையில் நான் தமிழ் எழுத்தில் தருவதெல்லாம் எந்தச் சொல் என்று அடையாளம் காட்ட மட்டுமே.

இனிப் பயிற்சிக்கு வருவோம். 'பேப்பர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'கோபம்' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு உயிர்களுக்கு நடுவில் தனியாக நிற்கும் பகரத்தை நாம் மென்மையாக்கி, குரல் அதிர ஒலிக்கிறோம். வல்லொலியைக் காப்பாற்ற வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும். அதனால்தான் பேப்பர், சிட்டி, லாக்கர் என்று எழுதுகிறோம். எழுதியபடியே ஆங்கிலத்திலும் பேசுகிறோம். ஆனால் ஆங்கிலத்தில் பிரிக்க முடியாத ஒரு சொல்லுக்குள் இரட்டித்த மெய்யொலி கிடையாது. எழுத்தில் இரண்டு இருந்தாலும் ஒலி ஒன்றுதான். கண்ணாடியைப் பார்த்து உங்கள் வழக்கப்படி 'பேப்பர்' என்று சொல்லுங்கள். நடுவில் உதடுகள் மூடி, ஒரு கணம் நின்று, பிறகு திறப்பது தெரியும். அந்த நிற்றலைத்தான் எடுக்க வேண்டும். மூடியதும் திறந்துவிடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். நிற்றலைக் குறைக்கச் சொன்னவுடன் பெரும்பாலோர் வாயில் 'கோபம்' என்பதன் பகரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைக் கண்டுபிடிக்கத் தொண்டையில் இரண்டு விரல்களை வையுங்கள். சொல் முழுதும் அதிர்வு அறுபடாமல் ஓடினால் மெலிந்துவிட்டது என்று பொருள். நடுவில் ஒரு நொடித்துணுக்கு அதிர்வு அறுபட்டு மீண்டும் தொடங்க வேண்டும். முதலில் 'பே' என்று சொல்லி நிறுத்துங்கள்; பிறகு மீதியைச் சொல்லுங்கள்; இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பொறுமையாகச் செய்தால் அந்த ஒலி பிடிபடும். பிடிபட்ட அன்றே பத்துச் சொற்களில் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

சொல்லின் முதலில் வரும் ப, ட, க ஒலிகளுக்கு வேறு சோதனை. நாளிதழிலிருந்து விரல் அகலத் துண்டு ஒன்றைக் கிழித்து, உதட்டுக்கு முன்னால் தொங்கும்படி பிடித்து, குண்டூசியைக் குறிக்கும் 'பின்' என்ற சொல்லைச் சொல்லுங்கள். தாள் துள்ள வேண்டும். துள்ளாவிட்டால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் காதில் அது குப்பைத்தொட்டியைக் குறிக்கும் சொல்லாகவே விழக்கூடும். அடுத்து 'ஸ்பின்' என்று சொல்லுங்கள். இப்போது தாள் அநேகமாக அசையக் கூடாது. ஸகரத்துக்குப் பின்னால் அந்த மூச்சு வராது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது.

தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பது நாம் பள்ளியில் படித்த இலக்கணம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலச் சொல்லின் கடைசியிலும் உகரத்தை ஒட்டிவிடுகிறோம்: புக்கு, கேட்டு, பஸ்ஸு. அடுத்து உயிரில் தொடங்கும் சொல்லைச் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிப் பழகினால் இந்த உகரம் உதிர்ந்துவிடும். 'எம்' என்பது 'யெம்' ஆவதும், 'ஓன்லி' என்பது 'வோன்லி' ஆவதும் இதே வகை. பதிவு செய்து கேட்டால் நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

வகரத்துக்குத் தொல்காப்பியத்தின் பிறப்பியலே வழிகாட்டுகிறது: பல்லும் இதழும் இயையும்போது வகரம் பிறக்கும் என்கிறது. பனியனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலிக்கும் அதுவே இடம். மேற்பல் கீழுதட்டில் படிந்து, காற்று உரசி வர வேண்டும். நம் வகரத்தில் அந்த உரசல் இல்லை, அவ்வளவுதான். மேற்குத் திசைச் சொல்லுக்கோ பல்லே உதட்டைத் தொடக் கூடாது; உதடுகள் குவிந்து விரிய வேண்டும். கண்ணாடியில் பல் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஆங்கில ரகரத்துக்கு நம்மிடம் உள்ள நல்ல உதவி ழகரம். நம் ரகரத்தில் நாக்கு மேலே தட்டுகிறது. ஆங்கிலத்தில் தட்டக் கூடாது. ழகரத்தைச் சொல்லிக்கொண்டே நாக்கின் வளைவைச் சற்றுக் குறைத்து, உதட்டை இலேசாகக் குவித்தால் 'ரெட்' என்ற சொல்லின் முதல் ஒலிக்கு மிக அருகில் வந்துவிடலாம். டகரத்தில் நேர்மாறு: நாக்கை வளைக்காமல், மேற்பல்லுக்குப் பின்னாலுள்ள ஈறு மேட்டில் நுனியை வைக்க வேண்டும். ஈழத் தமிழர்கள் கனடாவின் நகரத்தை 'ரொறன்ரோ' என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈறு மேட்டில் பிறக்கும் அந்த ஆங்கில ஒலிக்கு, நாக்கை வளைக்கும் டகரத்தை எழுதாமல் அவர்கள் ரகரத்தை எழுதுகிறார்கள்.

ஒலிகளைவிடவும் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது அழுத்தத்துக்கு, அதாவது சொல்லின் ஓர் அசையை மட்டும் எடுப்பாக ஒலிப்பதற்கு. ஓர் ஒலி பிசகினால் கேட்பவர் சூழலை வைத்து ஊகித்துக்கொள்வார். அழுத்தம் இடம் மாறினால் சொல்லே பிடிபடாமல் போய்விடும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் அழுத்தம் முதல் அசையில். 'ஃபோட்டோகிராஃபி' என்பதில் இரண்டாம் அசையில். 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாம் அசையில். அழுத்தம் நகர்ந்தவுடன் உயிரொலியும் மாறுகிறது. முதல் சொல்லில் முழுதாக ஒலித்த 'ஃபோ' இரண்டாம் சொல்லில் ஒடுங்கி, ஷ்வா என்ற சோம்பல் உயிராகிவிடுகிறது. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுதான். அகராதியில் ஆங்கில எழுத்து வரிசையின் ஐந்தாம் எழுத்தைத் தலைகீழாகத் திருப்பியது போல இருக்கும். எழுத்தில் எந்த உயிரெழுத்தாகவும் ஒளிந்திருக்கும் என்பதால் எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு அகப்படாது.

நாமோ ஒவ்வோர் அசைக்கும் அதன் முழு உருவத்தைத் தந்துவிடுவோம். அதைத் தளர்த்த, வாயை மூடிக்கொண்டு சொல்லின் மெட்டை மட்டும் முனகுங்கள்: ஓர் அசை உரக்கவும் நீளமாகவும், மற்றவை தணிந்தும் குறுகியும். அழுத்தமான அசைக்கு மட்டும் மேசையில் தட்டுங்கள். மெட்டு படிந்தபின் சொல்லை அதில் ஏற்றுங்கள். அகராதியில் அழுத்தமான அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும். 'ஹோட்டல்', 'டெவலப்' ஆகிய சொற்களில் அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று இன்றே பாருங்கள். இரண்டிலும் இரண்டாம் அசையில்தான்.

காதுக்குத் துணை வேண்டும். தோழர் ஒருவருடன் முதுகுக்கு முதுகு உட்காருங்கள். கப்பலைக் குறிக்கும் சொல்லுக்கு ஒன்று, செம்மறி ஆட்டைக் குறிக்கும் சொல்லுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டு, அவர் கலைத்துக் கலைத்துச் சொல்ல நீங்கள் எண்ணை எழுதுங்கள். பிறகு இடம் மாறுங்கள். எண்கள் ஒத்துவராதபோது தவறு சொன்ன வாயிலா, கேட்ட காதிலா என்று பேசித் தீர்க்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் ஆசிரியருக்கு வேண்டிய காது உருவாகிறது.

கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகும்போது ஒரு பாடவேளைக்கு ஓர் ஒலிக்கூறு போதும். இறந்தகால விகுதியை எடுத்துக்கொண்டால், 'வொர்க்ட்' போன்றவற்றில் டகரம் குரலில்லாமல், 'பிளேய்ட்' போன்றவற்றில் குரலோடு, 'வான்டட்' போன்றவற்றில் தனி அசையாக என்று மூன்று கூடைகளைக் கரும்பலகையில் வரையுங்கள். பிள்ளைகள் வினைச்சொல்லைச் சொல்லிப் பார்த்து, உரிய கூடையில் எழுதட்டும். அந்த வேளையில் வேறு எந்தப் பிழை காதில் விழுந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயே திருத்தப் போகாதீர்கள். அடுத்த வாரப் பாடக்குறிப்பை அந்தக் குறிப்பிலிருந்து எழுதலாம்.