பூசை ‘காண்பது’ மட்டும் போதுமா? பங்கு வாழ்வில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

தென்மாவட்டங்களின் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் எதிர்ப்படும் பெரியவர்கள் இன்றும் “பூசை கண்டாச்சா?” என்றுதான், அதாவது கோவிலில் திருப்பலிக்குப் போய்வந்தாயிற்றா என்று, விசாரிப்பார்கள். திருச்சபையின் கட்டளைகளை நாங்கள் மனப்பாடம் செய்த காலத்திலும் ‘முழுப் பூசை காண்பது’ என்றே சொல்லிக் கொடுத்தார்கள். குருவானவர் பீடத்தை நோக்கி நின்று இலத்தீனில் செபிக்க, மக்கள் தங்கள் இடத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த காலத்துக்கு அந்தச் சொல் பொருந்தியது. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, விசுவாசிகள் அந்நியரைப் போலவோ வாய்பேசாப் பார்வையாளரைப் போலவோ அங்கே இருக்கக் கூடாது என்று தெளிவாகவே கூறியது. மொழி மாறியது, பீடம் திரும்பியது, ‘பூசை’ ‘திருப்பலி’ ஆயிற்று. ஆனால் ‘காண்பது’ என்ற மனநிலை மட்டும் இன்னும் நம்மிடம் தங்கியிருக்கிறது. ஒரு பங்கின், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள ஊர்ச் சபையின், வழிபாட்டுக் குழுவில் பல ஆண்டுகள் பணியாற்றிய அனுபவத்தில், நாம் வாரந்தோறும் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வேரிலிருந்து முளைப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

நேரத்திலிருந்தே தொடங்கலாம். நற்செய்தி வாசிப்பதற்குள் வந்துவிட்டால் ‘பூசை செல்லும்’ என்ற கணக்கு நம் ஊர்களில் பரவலாக உண்டு. காணிக்கைக்கு முன் வந்தால் போதும் என்பாரும் உண்டு. வாசகங்களும் மறையுரையும் அடங்கிய இறைவாக்கு வழிபாடும், அப்பமும் இரசமும் ஒப்புக்கொடுக்கும் நற்கருணை வழிபாடும் ஒன்றோடொன்று இணைந்த ஒரே வழிபாட்டுச் செயல் என்று அதே 1963ஆம் ஆண்டு ஆவணம் சொல்லியிருக்க, முதற்பாதியை விருப்பம்போல் விட்டுவிடலாம் என்று நினைப்பது சரியன்று. இதைவிட வருத்தம் தருவது, ஆண்கள் கோவிலுக்கு வெளியே நிற்கும் வழக்கம். உள்ளே இருக்கைகள் காலியாகக் கிடக்க, வேப்பமரத்தடியில் இருசக்கர வாகனத்தில் சாய்ந்தபடி நின்று, மறையுரை தொடங்கியதும் தேநீர்க் கடைப் பக்கம் நகர்ந்து, குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும் எழுந்தேற்றத்தின் மணியோசை கேட்டதும் ஓடிவந்து முழந்தாளிடும் தகப்பனைப் பார்த்து வளரும் மகன், பதினைந்து வயதில் அதே மரத்தடிக்கு வந்து சேர்கிறான். பிள்ளையை மறைக்கல்வி வகுப்பில் இறக்கிவிட்டு வீடு திரும்பிவிடும் பெற்றோருக்கும் இது பொருந்தும்.

அடுத்தது வாசகங்கள். இதில் தவறு பெரும்பாலும் பொறுப்பில் இருப்பவர்களுடையது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஒரு தூய ஆவியார் பெருவிழாவன்று, வாசிக்க வேண்டியவர் வராததால், திருப்பலிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு கல்லூரி மாணவியின் கையில் முதல் வாசகத்தைக் கொடுத்தோம். திருத்தூதர் பணிகள் இரண்டாம் அதிகாரம்: “பார்த்தரும் மேதியரும் எலாமியரும்” என்று தொடங்கிய பட்டியல், மெசப்பொத்தாமியாவைக் கடந்து கப்பதோக்கியாவில் வந்து முட்டி நின்றது. அவள் மூன்று முறை முயன்றாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் அந்தப் பெண் வாசக மேடைக்கு வரவே இல்லை. குற்றம் அவளுடையதன்று, எங்களுடையது. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. முதலாம் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா என நற்செய்திகளும் முன்னரே வகுக்கப்பட்டவை. அப்படியிருக்க, ஒரு வாரத்துக்கு முன்பே பகுதியை ஒருவர் கையில் கொடுக்க முடியவில்லை என்பதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

வாசிப்பவர் வீட்டில் குறைந்தது மூன்று முறையாவது வாய்விட்டு வாசித்துப் பார்க்க வேண்டும். பகுதி எந்த அதிகாரத்தில் வருகிறதோ அந்த அதிகாரம் முழுவதையும் ஒருமுறை படித்தால், யார் யாரிடம் பேசுகிறார் என்பது விளங்கும், குரல் தானாகவே சரியான இடத்தில் ஏறி இறங்கும். மக்கள் அமர்ந்து சந்தடி அடங்கும்வரை காத்திருந்து தொடங்க வேண்டும். கைப்பேசித் திரையிலிருந்தோ மடித்த தாளிலிருந்தோ வாசிப்பதைத் தவிர்த்து, வாசக நூலிலிருந்தே வாசிக்க வேண்டும். அந்த நூலுக்குப் பீடத்தின் அருகில் ஓர் இடம் கொடுத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வாசகர் பணியைப் பெண்களும் முறைப்படி ஏற்கலாம் என்று 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபைச் சட்டத்தையே திருத்திவிட்ட பிறகும், பெருவிழாக்களில் மட்டும் ஆண்களைத் தேடும் பழக்கம் சில பங்குகளில் நீடிக்கிறது. அதையும் விட்டுவிடுவோம்.

நம் தமிழ்ப் பங்குகளுக்கே உரிய இன்னொரு பழக்கம் முன்னுரை. திருப்பலி முன்னுரை, முதல் வாசக முன்னுரை, இரண்டாம் வாசக முன்னுரை என்று அடுக்கடுக்காக எழுதி, அடுக்குமொழியில் முழங்கி, முடிவில் பவுலடியாரின் ஐந்து வரியைவிட அதற்கான முன்னுரை நீளமாகிவிடுகிறது. கேட்பவரைத் தயார்ப்படுத்த இரண்டு வாக்கியங்கள் போதும். மன்றாட்டுகளும் அப்படியே. திருச்சபைக்காக, நாட்டை ஆள்வோருக்காகவும் உலகின் மீட்புக்காகவும், துன்புறுவோருக்காக, நம் பங்குச் சமூகத்துக்காக என்ற வரிசை அதற்கென்று உண்டு. மன்றாட்டு என்ற பெயரில் சிறு மறையுரையோ யாருக்கோ சொல்ல வேண்டிய குத்தலான அறிவுரையோ வாசிக்கப்படும்போது, “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று மக்கள் சொல்வது பொருளற்றுப் போகிறது.

பாடகர் குழுவினரின் உழைப்பை நான் நன்கு அறிவேன். சனிக்கிழமை இரவு பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அவர்கள். இருந்தாலும் இரண்டைச் சொல்லியாக வேண்டும். முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடல் விவிலியத்தின் திருப்பாடலே, அதாவது இறைவார்த்தையின் ஒரு பகுதி. மெட்டு பிடித்திருக்கிறது என்பதற்காக அதன் இடத்தில் வேறொரு பக்திப் பாடலைப் பாட, திருப்பலி நூலின் பொது விதிமுறைகள் இடம் தரவில்லை. இராகம் அமையவில்லையென்றால் திருப்பாடலை வாசித்து, மக்கள் பல்லவியை மறுமொழியாகச் சொன்னாலும் போதும். மற்றொன்று ஒலி. கீபோர்டின் தாளமும் ஒலிபெருக்கியும் சேர்ந்து எழுப்பும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரின் குரலே கேட்காதபோது, மக்கள் மெல்ல மெல்லப் பாடுவதை நிறுத்திவிட்டு மீண்டும் ‘காண’த் தொடங்கிவிடுகிறார்கள். தவக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்க வேண்டும் என்ற விதியை அந்த ஆறு வாரங்களாவது கடைப்பிடித்துப் பார்த்தால், ஒரு பங்கு மக்கள் எவ்வளவு நன்றாகப் பாடக்கூடியவர்கள் என்பது தெரியவரும்.

நற்கருணை உட்கொள்ளும் முன் உண்ணாதிருக்கும் நற்கருணை நோன்பு குறித்த குழப்பம் உடல்நலத்தையே பாதிப்பதால் அதைத் தள்ளிப்போட முடியாது. எங்கள் பங்கில் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டியம்மா, சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர், காலை ஆறரை மணித் திருப்பலியில் ‘தூயவர்’ பாடலைப் பாடும்போது மயங்கிச் சரிந்தார். விசாரித்தபோது, முந்தின இரவு எட்டு மணிக்கு மாத்திரையும் இட்டிலியும் சாப்பிட்டவர், அதன்பின் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று தெரிந்தது. “நன்மை வாங்கணுமே, எப்படிக் குடிக்க?” என்று கேட்டார். நற்கருணை உட்கொள்வதைத்தான் நன்மை வாங்குவது என்போம். அவர் சிறுமியாக இருந்தபோது நள்ளிரவு முதல் எதுவும் உட்கொள்ளக் கூடாது என்பதே விதி. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1953இல் தண்ணீர் நோன்பை முறிக்காது என்றார், 1957இல் மூன்று மணி நேரம் போதும் என்றார். 1964இல் ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். அந்த ஒரு மணி நேரமும் நற்கருணை உட்கொள்ளும் வேளைக்கு முந்தியது, திருப்பலி தொடங்கும் வேளைக்கு முந்தியது அன்று. தண்ணீரும் மருந்தும் எப்போதும் அனுமதிக்கப்பட்டவை. முதியோரும் நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதேனும் சாப்பிட்டிருந்தாலும் நன்மை வாங்கலாம். இதை ஆண்டுக்கு ஒருமுறையாவது அறிவிப்பில் சொல்வது பங்கின் கடமை என்று நினைக்கிறேன்.

நன்மை வாங்கும்போது “கிறிஸ்துவின் திருவுடல்” என்று குருவானவர் சொல்வதற்கு “ஆமென்” என்பது நாம் அளிக்கும் விசுவாச அறிக்கை. அதை விழுங்கிவிடாமல் அவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். கையில் வாங்குவோர் ஒரு கையை மற்றொன்றின்மேல் விரித்து வைத்து வாங்கி, அந்த இடத்திலேயே அவர் முன்னால் உட்கொள்ள வேண்டும். கையில் வைத்தபடி நடப்பதோ, பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குக் கிள்ளிக் கொடுப்பதோ கூடாது. வரிசையில் எழுந்து போகாமல் இருக்கையிலேயே இருப்பவரை ஏன் போகவில்லை என்று கேட்பதும் தவறுதான். அது அவருக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது, ஒருவேளை அடுத்த சனிக்கிழமை பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போக அவர் முடிவெடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஒருவருக்காக வேண்டித் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லும் திருப்பலிக் கருத்துகளைப் பற்றி ஒரு சொல். பூசைக்குப் ‘பணம் கட்டியிருக்கிறோம்’ என்ற பேச்சே நம் வாயில் வரக் கூடாது. அது காணிக்கையே அன்றி விலை அன்று. வறியவர்கள் கேட்டால் காணிக்கை எதுவும் பெறாமலேயே அவர்கள் கருத்துக்காக ஒப்புக்கொடுக்கும்படி திருச்சபைச் சட்டம் குருக்களுக்குப் பரிந்துரைக்கிறது. பங்குத்தந்தை ஞாயிறுதோறும் ஒரு திருப்பலியைத் தம் பங்கு மக்கள் அனைவருக்காகவும் ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதையும் பலர் அறிவதில்லை. பெயர் வாசிக்கப்படவில்லை என்று குருவானவர் திருவுடை அணியும் அறையான சக்கிறீஸ்து வாசலில் சண்டையிடுவோர் இதை நினைத்துப் பார்த்தால் மனம் ஆறும்.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளுக்கும் புதன்கிழமை சகாய மாதா நவநாளுக்கும் தவறாமல் வந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதவர்கள் எல்லாப் பங்கிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பக்தியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அந்தோணியார் திருத்தலங்களான உவரிக்கும் புளியம்பட்டிக்கும் நேர்ச்சையோடு நடந்த குடும்பம்தான் எங்களுடையதும். ஆனால் நவநாள் ஞாயிறு திருப்பலிக்கு நம்மை அழைத்துவர வேண்டும், அதன் இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஞாயிறன்று வேலை இருப்போருக்குச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியே அந்தக் கடமையை நிறைவு செய்யும்.

பங்கின் சில குடும்பங்கள் சேர்ந்து செபிக்கக் கூடும் அன்பியக் கூட்டங்களில் நடக்கும் தவறு வேறு வகை. செபமாலை முடிந்ததும் பலகாரம், வரிப் பாக்கி, திருவிழாச் செலவு என்று பேச்சு நகர்ந்துவிட, விவிலியம் திறக்கப்படாமலே கூட்டம் முடிகிறது. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்திலிருந்து நமக்கு வந்த ஏழுபடி நற்செய்திப் பகிர்வு முறைக்கு இறையியல் படிப்பு எதுவும் தேவையில்லை. ஒரு பகுதியை மெல்ல வாசித்து, மனத்தில் பட்ட சொல்லை வாய்விட்டுச் சொல்லி, அமைதியில் இருந்து, பகிர்ந்து, செய்யவேண்டிய ஒரு செயலைத் தீர்மானித்தால் போதும். இதெல்லாம் சாமியார் வேலை என்று ஒதுங்குவோருக்கு நம் வரலாறே பதில் சொல்லும். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், விசுவாச அறிக்கையையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் தமிழில் ஆக்கச் செய்து, மக்களைக் கூட்டிச் செபம் சொல்லித்தர ஊர்தோறும் ஓர் ஆளை நியமித்துச் சென்றார். குருவானவர் எப்போதாவது வந்துபோன அந்தக் கரையில் விசுவாசத்தைக் காத்தவர்கள் அந்தப் பொதுநிலையினர்தாம்.

அன்பியங்களைப் பிரிக்கும்போது தெருவைப் பார்த்து, அதாவது சாதியைப் பார்த்துப் பிரிக்கும் தவற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தேர் எந்தத் தெருவுக்குள் போகும், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம், பங்குப் பேரவையில் யார் தலைமை ஏற்கலாம் என்ற கேள்விகளுக்கு இன்னும் சாதி பதில் சொல்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. ஆண்டவருடைய விருந்துக்குக் கூடிவரும்போது உங்களுக்குள் பிளவுகள் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன் என்று கொரிந்து மக்களைப் பவுல் கடிந்துகொண்டது அவர்கள் இசைத்த பாடலுக்காக அன்று, பசியோடு இருந்தவனைத் தள்ளிவைத்து உண்டதற்காக.

கடைசியாக நோயாளிகள். நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனத்தின் ‘அவஸ்தைப்பூசுதல்’ என்ற பழைய பெயர் இன்னும் நம் குடும்பங்களை அச்சுறுத்துகிறது. சாமியாரை அழைத்தால் அப்பா பயந்துவிடுவார் என்று நாள் கடத்தி, நினைவு தப்பிய பிறகு நள்ளிரவில் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுகிறோம். இறக்கும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்பதால்தான் ‘நோயில்பூசுதல்’ என்ற பெயரே பொருத்தமானது என்று பொதுச்சங்கம் கூறியது. பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பும், முதுமையில் உடல் தளரும்போதும், நோயாளி தாமே “ஆமென்” சொல்லக்கூடிய நிலையிலேயே அதைப் பெறலாம். கோவிலுக்கு வர இயலாதவர்கள் தொலைக்காட்சித் திருப்பலியோடு நின்றுவிட வேண்டியதில்லை. அன்பியத் தலைவரிடம் பெயர் கொடுத்தால் நற்கருணை வீட்டுக்கே வரும். முதல் வெள்ளிக்கிழமைகளில் பல பங்குகளில் இது வழக்கம். அன்று காலை நோயாளியின் கட்டிலருகே ஒரு சிறு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபமும் இரண்டு மெழுகுவர்த்தியும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்து, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். குருவானவர் வாசலுக்கு வரும்போது ஒருவர் எரியும் திரியோடு எதிர்கொண்டு சென்று உள்ளே அழைத்து வரட்டும்.